ஆறு வாரத்துக்கு எந்தத் துப்பறிவாளர்?

ஆத்தாவுக்கு வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து நாங்கள் கோட்டையூருக்குத் திரும்பியபோது சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆறு வாரம் வீட்டைவிட்டு இறங்கக் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. முகப்பிலிருந்து தெருவுக்கு ஏழு படி. ஆத்தா அந்த ஏழு படியையும் பார்த்துவிட்டு, "சரி, படிக்க என்ன இருக்கிறது?" என்று கேட்டார்கள். நானும் வேலையை ஊரிலிருந்தே செய்ய அனுமதி வாங்கியிருந்தேன். ஆக இரண்டு பேருக்கும் சேர்த்து ஆறு வாரம் தாங்குகிற வாசிப்பு வேண்டியிருந்தது.

எங்களுக்கு என்ன வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. வலி இருக்கிற நேரத்தில் மனத்தைக் கனக்க வைக்கும் புத்தகம் ஆகாது. எங்கே விட்டாலும் மறுநாள் எடுத்துத் தொடர முடிய வேண்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது தயாராக இருக்க வேண்டும். இந்த மூன்றுக்கும் பொருந்துவது ஒரே துப்பறிவாளர் திரும்பத் திரும்ப வருகிற நீண்ட வரிசைதான். ஆனால் எந்த வரிசை?

கெட்டியான புதிர் உள்ள வரிசையைத் தேடினால் போதும் என்று முதலில் நினைத்தேன். இரண்டு வாரத்தில் அது தவறு என்று தெரிந்தது. புதிர் அந்தந்தப் புத்தகத்தோடு முடிந்துவிடுகிறது. பத்துப் புத்தகம் தாண்டியும் நம்மோடு வருவது துப்பறிகிறவரும் அவர் பக்கத்தில் நிற்கிற ஆளும் பேசிக்கொள்ளும் பேச்சு. ஆகவே ஒரு வரிசையை மொத்தமாகப் படிக்க எடுப்பவர்கள் துப்பறிவாளரை விட்டுவிட்டு அவருடைய கூட்டாளியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நாங்கள் எடுத்துப் பார்த்த ஒவ்வொன்றையும் இந்த ஓர் அளவுகோலால்தான் அளந்தேன்.

முதலில் கைக்கு வந்தது ராஜேஷ்குமார். பழைய மாத நாவல்களை ஒரு கட்டாக வாங்கி வந்திருந்தேன். கோயம்புத்தூர்க்காரர், 1,500 நாவல்களுக்கு மேல் எழுதியவர். ஆகவே சரக்கு தீர்ந்துபோகும் என்ற கவலை இந்தப் பிறவியில் இல்லை. காரைக்குடியில் ரயில் ஏறினால் திருச்சி வருவதற்குள் ஒரு நாவலை முடித்துவிடுவேன். கல்லூரிக் காலத்தில் அப்படித்தான் படித்தேன், இப்போதும் அந்த வேகம் குறையவில்லை. ஓர் அத்தியாயத்தில் ஓர் ஊர், சில ஆட்கள். அடுத்த அத்தியாயத்தில் முற்றிலும் வேறு ஊர், வேறு ஆட்கள். இரண்டு தண்டவாளமும் கடைசியில் எங்கே கூடும் என்பதுதான் சுவை. ஒரு நாவலை எடுத்தால் அந்த அமைப்பு கச்சிதமாக வேலை செய்கிறது. தொடர்ந்து படிக்கும்போதோ, ஐந்தாவது நாவலில் என் மனம் கதையை விட்டுவிட்டுக் கூடுமிடத்தைத் தேட ஆரம்பித்துவிட்டது. துப்பறிவாளர் விவேக், மனைவி ரூபலா, உதவியாளர் விஷ்ணு மூவரையும் எனக்குப் பிடிக்கும். விஷ்ணுவின் குறும்புக்காகவே சில பக்கங்களைத் திரும்பப் படித்திருக்கிறேன். ஆனால் கதை இருக்கிற அவசரத்தில் அவர்கள் உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பதில்லை. நடுநடுவே தொட்டுக்கொள்ள இதைவிட நல்ல ஊறுகாய் இல்லை. அதையே மூன்று வேளையும் சாப்பிட முடியாது.

அந்தக் கட்டில் ஒரு நாவலுக்குக் கடைசித் தாள் இல்லை. தைத்த கம்பியோடு ஒட்டி ஒரு விரற்கடைக் காகிதம் மட்டும் மிச்சமிருந்தது, அதில் வரிகளின் முதல் எழுத்துகள் மேலிருந்து கீழாக வரிசையாக நின்றன. வி, என், அ, தா. அந்த எழுத்துகளை வைத்து முடிவைக் கட்டிவிடலாமா என்று இரவு பதினொரு மணிவரை விளக்கடியில் பிடித்துக்கொண்டிருந்தேன். தூக்கம் வரவில்லை. இரண்டு வாரம் கழித்து சுஜாதாவின் கதை ஒன்றைப் பாதியில் நிறுத்த நேர்ந்தபோதுதான் வித்தியாசம் புரிந்தது. அங்கே கொலைகாரன் யாரென்று தெரியாமல் படுத்தும் நான் நிம்மதியாகத் தூங்கினேன், ஏனென்றால் அதுவரை படித்ததே வயிறு நிறையப் போதுமானதாக இருந்தது. நீங்கள் எடுக்கப்போகும் வரிசையை இப்படி ஒருமுறை சோதித்துப் பாருங்கள். கடைசித் தாள் இல்லாவிட்டாலும் இதைப் படிப்பேனா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆம் என்றால் அதில் இருபது முப்பது கதை தாங்கும்.

இந்தச் சோதனையில் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா நன்றாகவே தேறுகிறார்கள். அவர்களுடைய துப்பறியும் நிறுவனமான மூன்லைட் ஏஜென்சியின் வாசலுக்குள் நுழைந்ததும் இருவரும் ஒருவரையொருவர் வாரத் தொடங்கிவிடுவார்கள். சுசீலாவின் பனியனில் இன்று என்ன வாசகம் என்று பார்ப்பதற்காகவே அந்த நாவல்களை வாங்கிய தலைமுறை நாங்கள். துப்பறிவாளருக்கு இணையாகப் பேச்சில் நிற்கிற ஒரு பெண், அதுவும் மாத நாவலில், அன்றைக்குப் பெரிய விஷயம். பத்து நாவல்வரை சலிப்பில்லாமல் போகிறது. அதற்கு மேல் அந்தச் சீண்டல் ஒரே இடத்தில் சுற்றுவது தெரிகிறது, ஏனென்றால் அவர்கள் உறவு நகர்வதில்லை. சுபாவின் நரேந்திரன் - வைஜயந்தியில் ஓட்டமும் சண்டையும் அதிகம். சினிமா பார்த்த நிறைவு வேண்டுமென்றால் அவர்கள். எனக்கு இந்த ஆறு வாரத்துக்கு அது தோதாக இல்லை.

ஆத்தா சொந்தமாகப் படிக்க எடுத்தது தமிழ்வாணனின் சங்கர்லால். அதற்குக் காரணம் ஊர்ப்பாசம் என்று சொன்னால் தவறில்லை. தமிழ்வாணன் தேவகோட்டைக்காரர், 1926இல் பிறந்தவர். கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக அவர் படம் அச்சான புத்தகங்கள் ஆத்தா பிறந்த வீட்டில் இரண்டாங்கட்டுப் பெட்டகம் நிறைய இருந்தனவாம். ஐயா திட்டுவார் என்று பகலில் அரிசி அறைக்குள் உட்கார்ந்து படித்ததைச் சொல்லும்போது ஆத்தாவின் முகத்தில் பன்னிரண்டு வயது தெரிந்தது.

சங்கர்லாலின் பெரிய பலம் மொழி. சிறிய வாக்கியங்கள், தெளிவான தமிழ். டீ குடிக்க மாட்டார், தேநீர்தான் குடிப்பார். குடித்துவிட்டுக் கால்களை மேசைமேல் நீட்டிச் சிந்திப்பார், பிறகு விடை வந்துவிடும். கண் சோர்ந்தவர்கள், புதிதாகத் தமிழ் எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகள், இருவருக்கும் இதைவிட ஏற்ற துப்பறியும் கதை தமிழில் இல்லை என்று துணிந்து சொல்வேன். ரத்தமும் அருவருப்பும் கிடையாது, படுக்கும் முன் படிக்கலாம். குறை என்னவென்றால் சங்கர்லால் தவறே செய்வதில்லை. கூட இருப்பவர்கள் வியப்பதற்காகவே இருக்கிறார்கள். அவரோடு ஒருவரும் வாதாட மாட்டார்கள். எனக்கு நான்கு கதையில் போதுமென்று ஆகிவிட்டது. ஆத்தா பதினொன்று படித்தார்கள், ஆனால் அதில் பாதி இன்பம் அந்த அரிசி அறைக்கு உரியது. சிறு வயதில் படித்தவர்களுக்கு இந்த வரிசையைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிக் கொடுக்கலாம். முதல்முறையாகப் படிக்கிற நடுவயதுக்காரருக்கு நான் தர மாட்டேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. இப்படிப்பட்ட புத்தகங்களைப் படித்து முடித்ததும் எடைக்குப் போடுவதுதான் ஊர் வழக்கம். அதே கோட்டையூரில்தான் ரோஜா முத்தையா இருந்தார். மற்றவர்கள் கழித்துப்போட்ட அச்சுத்தாளையெல்லாம் வாழ்நாள் முழுதும் சேர்த்துவைத்தார். அவர் 1992இல் மறைந்த பிறகு அந்தச் சேகரிப்பு சென்னைக்குப் போய் 1994இல் ஆராய்ச்சி நூலகமாயிற்று. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வெகுசன எழுத்தை இவ்வளவு மதித்தார் என்ற நினைப்பு எனக்குப் பெருமை தருகிறது. கடைசித் தாள் கிழிந்த அந்த நாவலை நானும் போடவில்லை.

இனி சுஜாதாவின் வழக்கறிஞர்கள் கணேஷ் - வசந்த். என் ஆறு வாரத்தில் அதிக நேரம் போனது இவர்களோடுதான், அதை மறைக்க விரும்பவில்லை.

1968இல் குமுதத்தில் நைலான் கயிறு தொடராக வந்தபோது கணேஷ் மட்டும்தான் இருந்தான். அந்த ஆரம்பக் கதைகள் நன்றாக எழுதப்பட்டவை, விறுவிறுப்பானவை. ஆனாலும் படிக்கும்போது அறையில் ஒரு நாற்காலி காலியாக இருப்பதுபோல் தோன்றிக்கொண்டே இருக்கும். பின்னால் வசந்த் வந்து அதில் உட்கார்ந்ததும் எல்லாம் மாறிவிடுகிறது. "பாஸ்" என்று அவன் தொடங்கினாலே நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். கணேஷ் சட்டத்தையும் தர்க்கத்தையும் பிடித்துக்கொள்வான். வசந்த் உள்ளுணர்வைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுவான். பல இடங்களில் அவனே சரியாகவும் இருப்பான். மெக்ஸிகோ நாட்டுச் சலவைக்காரி ஜோக்கை அவன் ஒருமுறையும் முடித்ததில்லை. அது எத்தனை கதைகளைச் சேர்த்துக் கட்டுகிற நூல் என்பது ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கும்போதுதான் தெரியும். தனித்தனியாகப் படித்த காலத்தில் எனக்கு அது வெறும் சேட்டையாகத்தான் பட்டது.

1981இல் வந்த கொலையுதிர் காலத்தில் இந்த வாதம் உச்சத்துக்குப் போகிறது. நடப்பது பேயின் வேலையா, விஞ்ஞானத்தின் வேலையா? அந்த நாவலை இரவில் வளவில் தனியாக உட்கார்ந்து படித்தேன். சுற்றிலும் தூண், மேலே திறந்த வானம், காலடியில் ஆத்தங்குடிக் கல் சில்லிட்டுக் கிடந்தது. ஓர் அத்தியாய முடிவில் தண்ணீர் குடிக்க எழுந்தவன், இரண்டாங்கட்டு நடையின் விளக்கைப் போட்ட பிறகே போனேன்.

தொடராக வந்த எழுத்து என்பதால் ஒவ்வோர் அத்தியாயமும் ஒரு கொக்கியோடு முடியும். அன்றைக்கு வாசகர்கள் ஏழு நாள் காத்திருந்தார்கள், நமக்கு ஒரு பக்கம் புரட்டினால் போதும். அதனால் தூக்கம் கெடும், காலையில் வேலை இருப்பவர்கள் இதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் உண்டு. பெண்களைப் பற்றி வசந்த் பேசுகிற பேச்சில் சில இன்று நெருடுகிறது. ஆத்தாவுக்கு வாசித்துக் காட்டியபோது சில வரிகளைத் தாண்டினேன். ஆத்தா கண்டுபிடித்துவிட்டார்கள். "என்ன, பக்கம் ஒட்டிக்கொண்டதா?" என்றார்கள். சத்தமாக வாசிக்க இது உகந்த வரிசை இல்லை. தனியாகப் படிப்பவர்களுக்குத் தமிழில் இதற்கு மேல் ஒன்றைச் சொல்ல என்னால் முடியாது. வரிசைப்படி படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றாலும், கணேஷ் தனியாக இருக்கும் இரண்டு கதைகளை முதலில் படித்துவிட்டு வசந்திடம் வாருங்கள். அந்த நாற்காலி நிரம்புகிற சந்தோஷத்தை இழக்கக் கூடாது.

வெளிநாட்டு வரிசைகளில் ஷெர்லாக் ஹோம்ஸ் அளவில் கச்சிதமானது. நான்கு நாவல், 56 சிறுகதை, மொத்தம் 60. நாளுக்கு ஒன்றிரண்டு கதை என்று வைத்துக்கொண்டால் ஆறு வாரத்தில் முடியும். தமிழிலும் கிடைக்கிறது. என் அளவுகோலுக்குச் சாட்சி சொல்கிற வரிசையும் இதுவே. அறுபதில் ஐம்பத்தாறை ஹோம்ஸின் நண்பர் வாட்சன் சொல்கிறார். இரண்டை மட்டும் ஹோம்ஸ் தாமே சொல்கிறார், அந்த இரண்டிலும் உப்புக் குறைகிறது. அறிவு அதே அறிவு, துப்பு அதே துப்பு, வியப்பதற்கும் குழம்புவதற்கும் பக்கத்தில் ஆள் இல்லை. 1893இல் அருவியில் தள்ளிக் கொன்ற துப்பறிவாளரை 1903இல் உயிரோடு திரும்ப வரவைத்தார் ஆசிரியர் கோனன் டாயில். திரும்பி வந்த ஹோம்ஸ் முன்னால் நின்றதைப் பார்த்து வாட்சன் மயங்கி விழுந்தார். எனக்கு அந்தக் காட்சிக்குப் பிறகு கொலை எதுவும் நினைவில்லை.

அகதா கிறிஸ்டியின் போய்ரோ வரிசை 33 நாவல். புதிர் என்று பார்த்தால் இவற்றுக்கு ஈடில்லை. ஆனால் போய்ரோவின் நண்பர் ஹேஸ்டிங்ஸ் எட்டு நாவல்களில்தான் வருகிறார். அவர் இல்லாதவற்றைத் தொடர்ந்து படித்தபோது, கணக்குப் பரீட்சைக்குப் பயிற்சி செய்வதுபோல் ஆகிவிட்டது. மாதம் ஒன்று என்று வைத்துக்கொண்டால் சரி.

அதே ஆசிரியரின் மிஸ் மார்பிள் பன்னிரண்டு நாவல்தான். இவருக்குக் கூட்டாளியே கிடையாது, ஆகவே என் அளவுகோல் இங்கே உடைந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். 1930இல் வந்த முதல் நாவலை ஆங்கிலத்தில் பகலில் படித்து, சாயங்காலம் முகப்பில் உட்கார்ந்து ஆத்தாவுக்குத் தமிழில் கதையாகச் சொன்னேன். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று அத்தியாயம். ஆத்தா மடியில் சாயம் ஏற்றிய பனையோலை, கையில் பாதி முடைந்த கொட்டான். நான் சொல்லச் சொல்ல ஓலை உள்ளே போய் வெளியே வரும். சிக்கலான இடம் வந்தால் மட்டும் கை நிற்கும்.

மார்பிள் ஊரைவிட்டு அதிகம் போகாத வயதான பெண்மணி. கையில் எப்போதும் பின்னல் வேலை. புதிதாக ஒரு மனிதரைப் பார்த்தால், தம் கிராமத்தில் முன்பு அதே சாயலில் நடந்துகொண்ட ஒருவரை நினைத்துக்கொள்வார். ஒருவர் மளிகைக்காரர் போல, இன்னொருத்தி அந்தப் பழைய வேலைக்காரப் பெண் போல. அதிலிருந்து கொலைகாரர்வரை போய்விடுவார். இந்த முறையை ஆத்தாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. மூன்றாம் நாளே, "நிறுத்து. இந்த ஆள் நம் வடக்குத் தெருக் கல்யாணத்தில் மொய்க் கணக்கு எழுதியவர் மாதிரி இருக்கிறாரே" என்றார்கள். யார் மீது யாருக்குச் சந்தேகம் வர வேண்டும், யார் அழுதால் நம்பக் கூடாது என்பதெல்லாம் ஆத்தாவுக்குக் குடும்பப் புள்ளி, கோயில், பங்காளி, முன்னோர் படைப்பு என்று அறுபது வருடமாகப் பார்த்து வந்த அறிவு. பக்கத்து வீட்டு அத்தையும் நாலாம் நாளிலிருந்து ஒரு தட்டு சீப்புச்சீடையோடு வந்து உட்கார ஆரம்பித்தார்கள். பிறகு கதை சொல்வது என் வேலை, துப்பறிவது அவர்கள் வேலை. இரண்டு பேரும் ஒத்துப்போகவே இல்லை. "அவளா? அவள் இலை போட்டால் எழுந்திருக்காதவள், அவள் எங்கே கொல்லப் போகிறாள்" என்று அத்தை சொல்ல, ஆத்தா கொட்டானைக் கீழே வைத்துவிட்டு வாதாடுவார்கள். என் அளவுகோல் உடையவில்லை. மார்பிளுக்கு ஊரே கூட்டாளி, எங்கள் முகப்பில் அந்த இடத்தில் இவர்கள் இருவரும் உட்கார்ந்துகொண்டார்கள்.

கூடத்தில் பலரோடு பகிர்ந்துகொள்கிற வாசிப்பு என்றால் ஆகவே என் முதல் தேர்வு மார்பிள். ஆங்கிலத்தில் படித்துச் சொல்ல ஒருவர் இருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

வங்காளத்தையும் விட்டுவிட முடியாது. சத்யஜித் ராய் 1965இல் தொடங்கிய ஃபெலுடா கதைகள் தமிழில் சிறு சிறு புத்தகங்களாக வந்திருக்கின்றன. சித்தப்பா மகனின் பையன் கோடை விடுமுறைக்கு வந்திருந்தான், வயது பன்னிரண்டு. ஃபெலுடாவின் தம்பி முறையாகும் தோப்ஷே கதை சொல்வதால் பிள்ளைகள் சட்டென்று உள்ளே போய்விடுகிறார்கள். நடுவில் வந்து சேரும் ஜடாயு என்ற எழுத்தாளர் வாய் திறந்தாலே அவன் சிரிப்பு வளவெல்லாம் கேட்கும். எட்டுப் புத்தகத்தை எட்டு நாளில் முடித்தான். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் வேறு யோசனையே வேண்டாம். ஷரதிந்து பந்தோபாத்யாயின் பியோம்கேஷ் பெரியவர்களுக்கு. 1932இல் தொடங்கிய முழுமையான 32 கதைகள். பியோம்கேஷ் கல்யாணம் செய்துகொள்கிறார், வயதாகிறார், நண்பர் அஜித்தும் கூடவே வயதாகிறார். வரிசைப்படி படித்தால் ஒரு குடும்பத்தின் முப்பது நாற்பது வருடம் கண்முன் போகிறது. நான் ஆங்கிலத்தில் பாதி படித்திருக்கிறேன், மீதியை மழைக்காலத்துக்கு வைத்திருக்கிறேன்.

வாங்குவதற்கு முன் இரண்டு நடைமுறை விஷயம். வயதானவர்களுக்கு என்றால் எழுத்தின் அளவைக் கடையிலேயே பிரித்துப் பாருங்கள். பழைய மாத நாவல்களின் அச்சு பொடியாகவும் மங்கலாகவும் இருக்கும், ஆத்தாவால் நான்கு பக்கத்துக்கு மேல் முடியவில்லை. அவற்றில் பல இப்போது மின்நூலாகக் கிடைக்கின்றன, எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். அடுத்தது, ஒரே வரிசையை மொத்தமாக வாங்கிவிடாதீர்கள். மூன்று வாங்குங்கள். மூன்றாவது முடிந்த அன்று இரவு அந்த இருவரும் இல்லாமல் வீடு வெறிச்சென்று இருந்தால் மிச்சத்துக்குச் சொல்லி அனுப்புங்கள். நான் கட்டாக வாங்கிய நாவல்களில் ஒன்பது இன்னும் பிரிக்கப்படவில்லை.

எங்கள் வீட்டில் கடைசியில் இப்படித்தான் அமைந்தது. காலையில் உடற்பயிற்சி முடிந்ததும் ஆத்தாவுக்குச் சங்கர்லால், சாயங்காலம் எல்லோருக்கும் மார்பிள், வீடு அடங்கிய பிறகு எனக்குக் கணேஷும் வசந்தும். வைகாசிக் கடைசியில் ஆத்தா என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏழு படியும் இறங்கித் தெருவில் நின்றார்கள். மார்பிளில் நான்கு முடிந்திருந்தது, எட்டு மிச்சம். அதைத் தொடரட்டுமா என்று அன்று சாயங்காலம் கேட்டேன். வேண்டாம் என்றார்கள். இடது முழங்காலுக்கு ஐப்பசியில் நாள் குறித்திருக்கிறது, அதுவரை எட்டும் அலமாரியிலேயே இருக்க வேண்டுமாம், நானும் தனியாகப் படித்துவிடக் கூடாதாம்.